பெத்தி பாக்கெட்டில் என் பேர் வேண்டாம்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அவ்வளவு பேசியும் நான் "சரிப்பா, சரிப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். படகு எஞ்சின் சாமானைப் பரப்பிவைத்துத் துடைத்துக்கொண்டிருந்த உன் அப்பா, "என்னாவாம்?" என்று கேட்டார். "அங்க வெயிலு ஜாஸ்தியாம்" என்றேன். நீ வெயிலைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நீ பேசியது இது: ஸ்டெல்லாவின் பெத்தி தீனிக் கம்பெனிக்குப் பத்து வருஷம் ஆனதற்கு ஒரு மலர் அச்சடிக்கிறார்கள், அதில் 'பெத்தி பிறந்த கதை' என்று நாலு பக்கம் வருகிறது, அந்த நாலு பக்கத்தில் உன் அம்மா பேர் ஒரு இடத்திலும் இல்லை. "அந்த ருசி உன்னுதும்மா. உன்கிட்டேருந்து திருடுனது. உன் பேரைப் போடலைன்னா ஆவணியில கல்யாணம் இல்லன்னு மெர்சிகிட்ட சொல்லிட்டேன். அழுவுறா. அழுவட்டும்" என்றாய். எனக்காக ஒரு பெண்ணை அழவிட்டிருக்கிறாய், அதுவும் நீயே விரும்பிக் கட்டிக்கொள்ளப் போகிறவளை. அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். வெட்கமில்லாமல் எழுதுகிறேன். ஸ்டெல்லா மகள் அழுகிறாள், ஸ்டெல்லாவுக்கும் தூக்கம் போயிருக்கும் என்று ஒரு குளிர்ச்சி. அதற்குப் பின்னால்தான் பயம் வந்தது. நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. போனில் சொன்னால் "விடும்மா, விடும்மா" என்று குறுக்கே பேசுவாய். அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படி. படித்துவிட்டு மெர்சியையும் படிக்கச் சொல். யார் படித்தாலும் எனக்குச் சம்மதம்.

பெத்தி பிறந்த கதையை அவர்கள் நாலு பக்கத்தில் எழுதிவிட்டார்கள். எனக்கு அது போதாது. நாம் காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் வாடகைக்குக் குடிபோனபோது பக்கத்து வீடு ஸ்டெல்லா. அவள் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், தெருவில் எல்லோருக்கும் சொல்தா தாத்தா, சிப்பாய் தாத்தா என்று அர்த்தம். அவருடைய இன்னொரு மகன் குடும்பம் பிரான்சில் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை அவர்கள் வரும்போது பெட்டி பெட்டியாகச் சாமான் இறங்கும். சென்ட், சாக்லேட், மடித்தால் கசங்காத துணி. அதோடு ஒரு வட்டப்பெட்டியில் சீஸ். நான் கருவாட்டு வியாபாரி மகள், தம்பி. எந்த மூட்டை மழையில் நனைந்தது, எது இரண்டு நாள் வெயில் குறைவாகக் காய்ந்தது என்று சாக்கைப் பிரிக்காமலே சொல்வேன், எங்கள் அப்பா அதற்காகவே என்னைக் கூட்டிப்போவார். அந்த வட்டப்பெட்டியை ஸ்டெல்லா திறந்ததும் "ஐயய்யோ, இது கெட்டுப்போச்சுடி, தூக்கிப் போடு" என்று கத்தினேன். சொல்தா தாத்தா விழுந்து விழுந்து சிரித்தார். "அது கெட்டாத்தாம்மா ருசி. இதான் ஃப்ரொமாழ்" என்று சீஸுக்குப் பிரெஞ்சுப் பேர் சொல்லி ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். நான் துப்பிவிட்டேன். நீ மட்டும் மூன்று துண்டு வாங்கித் தின்றாய். அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்.

அன்றிலிருந்து நீ அவர்கள் வீட்டுப் பிள்ளைதான். பள்ளிக்கூடம் விட்டதும் பையை இங்கே எறிந்துவிட்டு அங்கே ஓடுவாய். தன்னை 'அத்தை' என்று கூப்பிடும்படி உன்னிடம் சொன்னது அவள்தான். என் சிநேகிதியை நீ சித்தி என்றோ பெரியம்மா என்றோ கூப்பிட்டிருக்க வேண்டும். மகளை வைத்திருக்கிறவள் அத்தை என்று கூப்பிட வைத்தால் அதற்கு என்ன கணக்கு என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டாமா? எனக்கு உறைத்ததெல்லாம் வேறு. அவள் வாசலில் நிற்கும் ஸ்கூட்டி. அவள் நைட்டியின் சரிகைக் கரை. வாயைத் திறந்தால் சிரிப்பு. கோபமே வராதா இவளுக்கு? எனக்கு எதிர்வீட்டுக் குழாயில் தண்ணீர் கொஞ்சம் வேகமாக வந்தால்கூட வயிறு எரியும். பிறவிக் குணம். அவளிடம் ஒரே ஒரு குறைதான் நான் கண்டது. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு மோப்பம் போய்விட்டது. மல்லிகையும் சாக்கடையும் அவளுக்கு ஒன்று. அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நீ ஒன்பதாவது படித்த வருஷம் அவள் அந்த மிஷினை வாங்கினாள். கோயமுத்தூர்ப் பக்கம் யாரோ விற்ற பழைய மிஷின். ஒரு பக்கம் சோளரவையைப் போட்டால் சூட்டிலும் அழுத்தத்திலும் பொரிந்து, மறுபக்கம் கோலிக்குண்டு கோலிக்குண்டாக விழும். அதை ஓர் இரும்பு உருளையில் போட்டுச் சுற்றவிட்டு, சூடான எண்ணெயும் மசாலாவும் தூவ வேண்டும். "ஊர்ல எல்லாரும் முறுக்கும் மிக்சரும் போடுறாங்க. நான் சீஸ் உருண்டை போடப் போறேன். எங்க மாமனார் ஏங்கிச் சாவுறாரே, அந்த ருசியில" என்றாள். வீட்டுக்குப் பின்னால் ஷீட் போட்ட கொட்டகையில் ஆரம்பித்தாள். முதல் மாதம் போட்டதெல்லாம் நமத்துப்போனது. கடல்காற்று வீசுகிற ஊரில் பொரியைத் திறந்து வைத்தால் அரைமணியில் பஞ்சாகிவிடும், அது கடற்கரையில் பிறந்த எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூட்டை மூட்டையாக அவள் குப்பையில் கொட்டுவதைச் சுவர் இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கேட்டாள். கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "எனக்கு மூக்கு இல்லடி. மெட்ராஸ்லேருந்து வர்ற சீஸ் பவுடர் நல்லதா, பழசா, ஒண்ணும் தெரியல. உன் மூக்கை எனக்குக் குடு" என்றாள். அதிலிருந்து தினமும் காலையில் மசாலா கலப்பது என் வேலை. சீஸ் பவுடர், பால் பவுடர், உப்பு, கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் எலுமிச்சை உப்பு. அண்டாவில் போட்டுக் கையால் பிசிறி, மோந்து பார்த்து, "இன்னிக்கு உப்பு கம்மி பண்ணு" என்பேன். அவள் தலையாட்டுவாள். கடைகளில் போட்டுப் பார்த்தோம். ஒருத்தரும் இரண்டாவது பாக்கெட் வாங்கவில்லை. பால் வாசம் அடிக்கிறது, இனிக்கிறது, சப்பென்று இருக்கிறது என்றார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அவளுக்கு ஒரு தோல்வியாவது வரட்டுமே என்றுதான் இருந்தது. அதே நேரத்தில் காலையில் அவளுடைய கொட்டகைக்கு நான் போகாவிட்டால் எனக்குக் கை ஓடாது. இரண்டும் ஒரே மனுஷிக்குள் எப்படி இருந்தது என்று கேட்காதே. இருந்தது.

அம்பகரத்தூர் அம்மன் கோயில் திருவிழா வந்தது. கூட்டம் அலைமோதும், அங்கே கடை போட்டு விற்றுப் பார்ப்போம், அதிலும் போணியாகாவிட்டால் மிஷினை விற்றுவிடுவேன் என்று ஸ்டெல்லா சொன்னாள். புது பாக்கெட் அச்சடிக்கக் கொடுத்தாள். அதற்கு என்ன பேர் வைக்கலாம் என்று என்னிடமும் கேட்டாள். நான் யோசித்துச் சொல்வதற்குள் பேர் முடிவாகிவிட்டது. சொல்தா தாத்தா தன் பேத்தி மெர்சியைப் பிரெஞ்சில் 'பெத்தி' என்று செல்லமாகக் கூப்பிடுவார், சின்னக் குட்டி என்று அர்த்தமாம். அதுவே பேர். பாக்கெட்டில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் படம். மூக்கு என்னுடையது, கை என்னுடையது, பேர் அவள் மகளுடையது. அன்று சாயங்காலம் அதே கடுப்போடு வீட்டில் உட்கார்ந்து எங்கள் அப்பா அனுப்பிய கருவாட்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். நீ வந்தாய். நான் உன் தலையைக் கோதக் கையை நீட்டினேன். நீ விலகி, "அம்மா, கை நாறுது. அத்தை வீட்டுல எவ்ளோ வாசமா இருக்கு தெரியுமா" என்றாய். சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாய். உனக்கு ஞாபகம் இருக்காது. பதினாலு வயதுப் பையன் சொன்னது, உன்மேல் ஒரு பிசகும் இல்லை. ஆனால் வாசமே தெரியாதவள் வீடு வாசமாக இருக்கிறது, அவளுக்கு மோப்பம் பார்த்துக் கொடுக்கிறவள் கை நாறுகிறது. அதை என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் பாக்கெட் வாங்க ஸ்டெல்லா காரைக்காலுக்குப் போனாள். திருவிழாவுக்கான மசாலா முழுவதையும் நான் தனியாகக் கலக்க வேண்டும். வீட்டிலிருந்து தூள் பெருங்காய டப்பாவைப் புடவைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு போனேன். அதில் பாதியைக் கொட்டினேன். எலுமிச்சை உப்பு ஒரு பங்கு போட வேண்டிய இடத்தில் நாலு பங்கு போட்டேன். உப்பையும் கூட்டினேன். சர்க்கரையை விட்டுவிட்டேன். தெரியாமல் நடந்த பிசகு இல்லை தம்பி, ஒவ்வொரு பிடியையும் நினைத்து நினைத்துப் போட்டேன். நாக்கில் ஒரு துளி வைத்தேன், சுள்ளென்று ஏறிக் கண் தானாக மூடிக்கொண்டது. வாசமோ, எங்கள் அப்பாவின் கருவாட்டுக் கிட்டங்கியை மாசி மாத வெயிலில் திறந்த மாதிரி. வாங்கியவன் எல்லாம் துப்புவான், சண்டைக்கு வருவான், திருவிழாக் கூட்டத்தில் அவள் முகம் சுண்டிப்போகும், நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன் என்று கணக்குப் போட்டேன். அவளுக்கு மோந்து பார்க்கத் தெரியாது, மாட்டிக்கொள்ளவும் மாட்டேன். மறுநாள் சாம்பார் வைக்கும்போது பெருங்காய டப்பாவைத் தேடினேன். அடுக்களை ஜன்னலில் இருந்தது. நான்தான் கொண்டுவந்து வைத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்பகரத்தூரில் பந்தல் காலுக்குப் பக்கத்தில் கடை. முதல் பாக்கெட்டை வாங்கியது பட்டுப்பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண். ஓர் உருண்டையை வாயில் போட்டாள். முகத்தைச் சுளித்தாள், தோளைக் குலுக்கினாள், நாக்கை வெளியே நீட்டினாள். வந்தது பார் என்று எட்டிப் பார்த்தேன். அந்தக் குட்டி நாக்கை உள்ளே இழுத்து, சப்புக்கொட்டி, இன்னோர் உருண்டை எடுத்தாள். மறுபடி சுளித்தாள், மறுபடி எடுத்தாள். பிறகு அவள் அண்ணன் பிடுங்கினான். அவன் கூட்டாளிகள் வந்தார்கள். "நாக்கு சுர்ருங்குதுடா, தின்னு பாரேன்" என்று ஒருத்தனை ஒருத்தன் இழுத்துக்கொண்டு வந்தார்கள். மத்தியானத்துக்குள் அத்தனை பாக்கெட்டும் போய்விட்டது. சொல்தா தாத்தாவை ஆட்டோவில் அழைத்து வந்திருந்தார்கள். கடைசிப் பாக்கெட்டைப் பிரித்து அவர் வாயில் போட்டார். அப்படியே நின்றுவிட்டார். கண்ணில் தண்ணீர். "மருமவளே, இதான்டி ஃப்ரொமாழ்! நான் மார்சேல்ல இருந்தப்ப தின்ன அதே காரமான ஃப்ரொமாழ்!" என்று கத்தினார். ஸ்டெல்லா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "உன் கைடி, உன் கை" என்றாள். நீ கைதட்டினாய். நான் நின்றேன், வாயில் ஈ போவது தெரியாமல்.

அவளைக் கவிழ்க்கப் போட்டது அவளைத் தூக்கிவிட்டது. அதைவிடக் கொடுமை, அதையே தினமும் நான் கலக்க வேண்டி வந்தது. "அன்னைக்குப் போட்ட மாதிரியே போடு" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு ஒருவருக்கும் காட்டாமல் போட்டேன். என்ன போடுகிறாய் என்று அவள் கேட்கவே இல்லை. ஆறு மாதம் கழித்து ஒரு நாள் தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு நம் வீட்டுக்கு வந்தாள். உன் அப்பாவும் இருந்தார். "கம்பெனியை ரெண்டு பேரு பேர்லயும் எழுதிடலாம். நீங்க சொல்லுங்கண்ணே, உங்க பொண்டாட்டி இல்லன்னா பெத்தி இல்ல" என்றாள். எழுத்தில் போட்டால் என்னென்ன கலக்கிறேன் என்று எழுத வேண்டும். எழுதினால் எப்போது, எதற்காகக் கலக்க ஆரம்பித்தேன் என்று வரும். பயத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. "என் மூக்கை இப்புடித்தான் எழுதி வாங்கலாம்னு பாத்தியா? நாங்க கருவாட்டுக்காரங்க, எங்களுக்குக் கம்பெனி எதுக்கு?" என்று தட்டைத் தள்ளிவிட்டேன். அவள் உருண்ட பழத்தைப் பொறுக்கிக்கொண்டு போனாள். உன் அப்பா மட்டும், "நீ பண்ணுனது நல்லால்ல" என்றார். அவர் அதற்குமேல் பேச மாட்டார் என்று உனக்குத் தெரியும்.

அந்த வாரமே உனக்கும் தெருவுக்கும் நான் ஒரு கதை சொன்னேன். என் ருசியை வாங்கிக்கொண்டு என்னைத் துரத்திவிட்டாள் என்று. அழுதுகொண்டே சொன்னேன், அழுகை நிஜமாகவே வந்தது. நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாய், நாறுகிற கையைத்தான். "இனிமே அந்த வீட்டுக்குப் போவ மாட்டேம்மா. பெத்தியும் தின்ன மாட்டேன்" என்றாய். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். நான் மசாலா கலக்கப் போகாவிட்டால் பெத்தி செத்துவிடும் என்று காத்திருந்தேன். சாகவில்லை. ஒரு பாக்கெட் வாங்கி மோந்து பார்த்தேன். பெருங்காயம்! அப்படியே அதே அளவு. ஒளிந்திருந்து பார்த்துத் திருடியிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன், நான் சொன்ன பொய் எனக்கே உண்மையாகிவிட்டது.

அதற்குப் பிறகு பெத்தி வளர்ந்ததை என்னைப்போல் அங்குலம் அங்குலமாகப் பார்த்தவர் யாரும் இல்லை. கடல்காற்று வேண்டாம் என்று குரும்பகரத்துக்கு வயல்பக்கமாகக் கம்பெனியை மாற்றினாள். பாக்கெட்டுக்குள் பிளாஸ்டிக் மோதிரம் போட்டாள், மாயவரம் வரைக்கும் பிள்ளைகள் பத்து விரலிலும் மாட்டிக்கொண்டு அலைந்தார்கள். டிவியில் விளம்பரம் செய்கிற பெரிய கம்பெனிகளின் சீஸ் தீனியெல்லாம் நம் ஊர்க் கடைகளுக்கு வந்தது. இதோடு தொலைந்தாள் என்று மகிழ்ந்தேன். "இதுல சுர்ருன்னு இல்லியே" என்று பிள்ளைகள் பெத்தியையே கேட்டார்கள். பேரை லேசாக மாற்றிப் போலி விட்டார்கள், அதுவும் நிற்கவில்லை. பெட்டிக்கடை ஒவ்வொன்றிலும் அந்த இரட்டைப்பின்னல் சரம்சரமாகத் தொங்கி என்னைப் பார்த்துச் சிரித்தது. கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பினால் சரத்தைத் திருப்பி வைத்துவிடுவேன், முதுகுப்பக்கம் தெரியும்படி. பாக்கெட்டைக் கிள்ளிப்பார்த்து, "நமத்துப்போயிருக்கு போலிருக்கே" என்று பக்கத்தில் நிற்பவர் காதில் விழச் சொல்வேன். ஐம்பதைத் தொடப்போகிற மனுஷி செய்கிற வேலையா இது? செய்தேன்.

இனி எழுதப் போவதுதான் எழுதக் கஷ்டமானது. கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நாம் மாமா வீட்டில் இருந்தோம். ஓடினோம். மாமா வீடு போனது, ஆட்கள் பிழைத்தார்கள். அன்றைக்கும் மறுநாளும் பள்ளிக்கூடத்தில் கிடந்தோம். நீ அப்பாவோடு ஆட்களைத் தேடிப் போய்விட்டு மறுநாள் மத்தியானம் வந்தாய், உடம்பெல்லாம் சேறு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல். சோறு வர நேரமாகும் என்றார்கள். அப்போது குரும்பகரத்திலிருந்து ஒரு வேன் வந்தது. தண்ணீர், ரொட்டி, மூட்டை மூட்டையாகப் பெத்தி. ஸ்டெல்லாவே நின்று கொடுத்தாள். எல்லாப் பிள்ளைகளும் தின்றார்கள். உன்னிடம் வந்து, "தம்பி, அத்தை மேல கோவம் இருந்தா அப்புறம் வச்சுக்க. இப்ப தின்னு" என்று நீட்டினாள். நீ அதை வாங்கிப் பக்கத்தில் இருந்த குழந்தையிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் பார்த்தாய். உன் வயிறு ஒட்டிக் கிடந்தது. நான் சந்தோஷப்பட்டேன், தம்பி. பெற்ற பிள்ளை பசியோடு இருக்கிறான், என் பொய்க்காகப் பசியோடு இருக்கிறான், நான் அவள் முகம் சுருங்கியதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அன்றே உன்னைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அப்புறம் நீ மெட்ராசுக்குப் படிக்கப் போனாய், வேலையில் சேர்ந்தாய். ஊர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்தவள் மெர்சி என்று போன வருஷம் நீ சொன்னபோது என் அடிவயிறு பற்றிக்கொண்டது. மதம் வேறே என்று ஒரு மாதம் சண்டை போட்டேனே, அது வெளிக்குச் சொன்ன காரணம். என் மூக்கு போனது, பேர் போனது, இப்போது பிள்ளையும் அந்த வீட்டுக்கே போகிறான் என்பதுதான் உள்ளே இருந்தது. நீயோ அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகும்போதும் எனக்கு நியாயம் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கட்டுவேன் என்கிறாய். உனக்கு நான் ஒன்றே ஒன்று சொல்வேன். உனக்கும் என் ரத்தம்தான் ஓடுகிறது, யார்மேலாவது உனக்கு வயிறு எரியும். மெர்சிக்குச் சம்பளம் கூடும்போது எரியலாம், அவளை நாலு பேர் புகழும்போது எரியலாம். எரிகிற அன்றைக்கே அவளிடம் வாயைத் திறந்து சொல்லிவிடு. "எனக்குப் பொறாமையா இருக்கு" என்று சொல்ல அரை நிமிஷம்தான் ஆகும். நான் சொல்லாமல் விட்டுப் பத்து வருஷம் ஆகிவிட்டது.

நேற்று புதன்கிழமை காலையில் குரும்பகரம் போனேன். உனக்கு எழுதுவதற்கு முன்னால் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. கம்பெனி வாசலிலேயே அந்த வாசம் என்னைப் பிடித்துக்கொண்டது, என் கைவாசம். ஸ்டெல்லா தலை நரைத்து, கண்ணாடி போட்டு, கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்க சம்பந்தி" என்று சிரித்தாள். நான் உட்காரவில்லை. "ஸ்டெல்லா, அன்னைக்கு அம்பகரத்தூர் திருவிழாவுக்குக் கலந்தேனே, அதுல நான்…" என்று ஆரம்பித்தேன்.

"பெருங்காயம்" என்றாள். "எலுமிச்சை உப்பு நாலு பங்கு. சக்கரை இல்ல. அதுக்கென்ன இப்ப?"

"உனக்கு எப்புடித் தெரியும்?"

"மூக்குதான்டி இல்ல எனக்கு. கண்ணும் நாக்கும் இருக்குல்ல? அன்னைக்கு நான் திரும்பி வந்தப்ப உன் வீட்டுப் பெருங்காய டப்பா அண்டா பக்கத்துல கெடந்துச்சு. எந்தச் சாமான் எவ்ளோ கொறஞ்சிருக்குன்னு பாத்தேன், மசாலாவைத் தொட்டு நக்கிப் பாத்தேன். கசந்துது, புளிச்சுது. டப்பாவைக் கொண்டாந்து உன் ஜன்னல்ல வச்சதே நான்தான்."

"தெரிஞ்சுமா அதைத் திருவிழாவுக்குக் கொண்டு போனே?"

"வேற கலக்கச் சாமான் எங்க இருந்துச்சு? சீஸ் பவுடர் அம்புட்டையும் நீதான் காலி பண்ணிட்டியே" என்று சிரித்தாள். சிரிப்பு நின்றதும் சொன்னாள்: "இவளுக்கு எம்மேல இவ்ளோ கோவம் இருக்குன்னா நான் என்னமோ பண்ணிருக்கேன், திருவிழா முடியட்டும், ஒக்காந்து கேக்கணும்னு நெனச்சேன். அதுக்குள்ள வித்துப்போச்சு. வித்ததுக்கப்புறம் எப்புடிடி கேக்குறது?"

நான் உட்கார்ந்துவிட்டேன். ஆனாலும் என் குணம் போகுமா? "அப்ப மலர்ல மட்டும் ஏன் என் பேரைப் போடல?" என்று கேட்டேன். அவள் என்னை நேராகப் பார்த்தாள். "என்னான்னு போட? போட்டா எல்லாத்தையும் போடணும். பாதியை மட்டும் போட்டா எல்லாரும் என்கிட்ட வந்து எப்புடி ஆச்சு, என்ன ஆச்சுன்னு நோண்டுவாங்க, எனக்குப் பொய் சொல்ல வராது. உன் புள்ளைக்குத் தெரிஞ்சுடக் கூடாதுன்னுதான்டி விட்டேன்" என்றாள்.

தம்பி, உன் அம்மா பேரை அவள் மறைக்கவில்லை, உன் அம்மாவை உன்னிடமிருந்து மறைத்திருக்கிறாள். தெருவெல்லாம் அவளைத் திருடி என்று நான் சொல்லித் திரிந்தபோதும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் மறைத்திருக்கிறாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுதேன். அழுகைக்கு நடுவிலும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஸ்கூட்டி இருந்தது, சிரிப்பு இருந்தது, கம்பெனி இருந்தது, இப்படி ஒரு மனசும் அவளுக்கே இருக்க வேண்டுமா என்றுதான் தோன்றியது. இது எனக்குச் சாகிறவரைக்கும் போகாது. போகாததை வைத்துக்கொண்டு எப்படி நடந்துகொள்வது என்றுதான் இனிமேல் கற்றுக்கொள்ள வேண்டும்.

அதனால் மலரில் என் பேர் வேண்டாம். மெர்சியைக் கூப்பிட்டுச் சமாதானம் சொல், மன்னிப்பும் கேள். கல்யாணத் தேதியை மாற்றாதே. ஸ்டெல்லாவை இனிமேல் 'அந்தம்மா' என்று சொல்லாதே, அத்தை என்றே கூப்பிடு, அவளுக்கு அந்த ஒன்றுதான் பத்து வருஷமாக இல்லை. இதையெல்லாம் படித்துவிட்டு நீ என்மேல் கோபப்பட்டால் கோபப்படு. கொஞ்ச நாள் பேசாமல் இருந்தாலும் இரு. நான் தாங்கிக்கொள்வேன்.

இந்தக் கடிதத்தோடு கூரியரில் ஒரு பாக்கெட் பெத்தியும் வைக்கிறேன். வந்து சேர்வதற்குள் பாதி தூளாகியிருக்கும், பரவாயில்லை, தூளில்தான் மசாலா ஜாஸ்தி. உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும், அந்தத் திருவிழாவில் நீ விரலைக்கூட விடாமல் நக்கினாய். பத்து வருஷமாக எனக்காக அதைத் தொடாமல் இருந்தது போதும். பிரித்துத் தின்னு, ராசா.

அம்மா